ஜப்பான்காரன் பல்

2 வாரம் முன்னாடி குலுவிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. பழைய செய்தித்தாளில் சுற்றி 11 பழங்கள். அதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சில வருஷம் முன்னாடி வேலை நிமித்தமா ஹிமாச்சலில் குலு பக்கம் குடும்பத்தோட இருந்தோம். போன புதுசில், வீட்டுக்காரப் பாட்டி (எல்லாருக்கும் அம்மாஜி) தக்காளி மாதிரி ஆரஞ்சு நிறத்தில் ஒன்றைக் கொடுத்து "ஜாபானி பல்" என்றார். பல்லா?! ஹிந்தியில் பழத்துக்கு அப்படித்தான் பேருன்னு மண்டையில் ஏற ஒரு நிமிஷம் ஆச்சு. "பழுக்கட்டும் பேட்டா" என்று அவர் சொல்லி முடிக்கறதுக்குள்ள கடிச்சுட்டேன். நாக்கு, அண்ணம், ஈறு எல்லாம் பிஞ்சு வாழைக்காயைப் பச்சையாத் தின்ன மாதிரி இழுத்துக்கிச்சு. பல்லுன்னு பேர் வெச்சது சரிதான் :-)

பெர்சிமன் என்று கடைகளில் விற்கிறது இதுதான். ஜப்பானியில் காக்கி. (போலீஸ் சட்டைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க.) ஆனா ஜப்பானும் இதுக்குப் புகுந்த வீடுதான், பிறந்த வீடு சீனா. காயில் இருக்கும் டானின் எச்சிலில் கரைவதால்தான் அந்தத் துவர்ப்பு. நல்லாக் கனிஞ்சா அதே டானின் கரையாத பொருளா மாறிடும், துவர்ப்பு தெரியாது. ஜப்பான்காரர்கள் தோலைச் சீவி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக் காயவைப்பாங்க. சாராயம் தெளிச்சு மூடிவைக்கிறதும் உண்டு. இன்றைய கவாசாகி நகரில் இருக்கும் ஓசென்ஜி என்ற கோயில் பக்கம், 1214ல் துவர்ப்பே இல்லாத ஒரு ரகம் கிடைச்சதுன்னு அங்கே சொல்றாங்க. இன்னிக்கு உலகம் முழுக்க ஆப்பிள் மாதிரி கடிச்சுத் தின்னும் ஃபூயூ, பிற்பாடு வந்த இன்னொரு துவர்ப்பில்லாத ரகம்.

நம்ம நாட்டுக்கு இது 1921ல், ஐரோப்பியர்கள் மூலமா வந்ததுன்னு தோட்டக்கலைப் புத்தகங்கள் சொல்லுது. குலுவில் அதுக்கு முன்னாலேயே பாதை போட்டாச்சு. கேப்டன் லீ என்ற வெள்ளைக்காரர் 1870ல் பந்த்ரோலில் பழத்தோட்டம் போட்டார். சிம்லா பக்கம் கோட்கரில் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் டெலிஷியஸ் ஆப்பிளைக் கொண்டுவந்தார். ஆப்பிள் ராஜாவாச்சு. ஜப்பானி பல் கொல்லையில் நிற்கும் ஏழைச் சொந்தக்காரன் மாதிரி ஓரமா நின்னுது.

இப்ப நிலைமை மாறுது. டெலிஷியஸ் ஆப்பிளுக்கு ஒரு குளிர்காலத்தில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் நல்ல குளிர் வேணும். பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் அது குறைஞ்சுகிட்டே வருது. இந்த மரத்துக்குச் சில நூறு மணி நேரமே போதும். அதனால ஆப்பிளை எடுத்துட்டு இதையும் மாதுளையையும் வெக்கறவங்க பெருகிட்டாங்க.

நானும் ஒரு ஜனவரியில் ஒட்டுக்கன்று வாங்கினேன். அம்லோக் என்ற காட்டு மரத்தின் வேரில் ஒட்டுக் கட்டினது. வேரைப் பார்த்தா கரிக்கட்டை! செத்த கன்றைத் தலையில் கட்டிட்டான்னே நினைச்சேன். அம்மாஜி சிரிச்சார். இதன் வேர் நிறமே கறுப்புதானாம். அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுகிட்டேன், நம்ம ஊர்க் கருங்காலியும் பீடி சுற்றும் இலை மரமும் இதே டயோஸ்பைரஸ் குடும்பம். அட, சொந்தக்காரன்!

வாடகை வீட்டில் மரம் வெச்சவன் கதை தெரியுமே. மூணாவது வருஷம் பூ வந்து உதிர்ந்தது. அதே வருஷம் எனக்கு மாற்றல். அம்மாஜியின் மகன் அந்த இடத்தில் டூரிஸ்ட்களுக்கு ரெண்டு ரூம் கட்டணும்னு பேசிட்டிருந்தார். இடம் அவரோடது, மரம் மட்டும் என்னோடதுன்னு எப்படிச் சொல்ல?

கிளம்பற முந்தின நாள் ராத்திரி அம்மாஜிகிட்ட நாகசாகி மரத்தைப் பற்றிச் சொன்னேன். 1945 ஆகஸ்ட் 9 அணுகுண்டில் கருகியும் சாகாம நின்ற ஒரு காக்கி மரம். மசாயுகி எபினுமா என்ற மர வைத்தியர் அதைத் தேற்றி, 1994ல் அதிலிருந்து கன்றுகளை உண்டாக்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். இன்னிக்குப் பல நாடுகளில் அதன் வாரிசுகள் வளருது. என் அரைகுறை ஹிந்தியில் எவ்வளவு புரிஞ்சுதோ. "சரி பேட்டா" என்றார், அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு தசராவுக்கும் போன் பண்ணி, நலம் விசாரிக்கிற சாக்கில் "மரம் இருக்கா?"ன்னு கேட்பேன். இந்த வருஷம் பதிலுக்குப் பெட்டி வந்தது. ரூம் கட்டியாச்சாம், ஒண்ணு. இன்னொண்ணு மரம் நிற்கிற இடம், அது வேணாம்னு அம்மாஜி சொல்லிட்டாராம்.

நான் எச்சரிச்சும் கேக்காம என் பையன் ஒண்ணைக் கடிச்சான். அவன் முகத்தைப் பார்க்கணுமே! மிச்சத்தை, எங்க ஆச்சி மாம்பழத்துக்குச் செய்யற மாதிரி, அரிசி டப்பாவில் புதைச்சு வெச்சேன். 4 பழம் கனிஞ்சு தின்னாச்சு. வெல்லப்பாகு மாதிரி. மீதி 6 இன்னும் கல்லு மாதிரி இருக்கு. தினம் காலையில் டப்பாவைத் திறந்து அமுக்கிப் பார்க்கிறதுதான் இப்ப என் வேலை.