குடிமராமத்து: ஒரு சொல்லின் வரலாறும் ஊர்நீர் ஆளுகையும்

முன்னுரை

ஓர் ஊரின் பொதுச் சொத்தை யார் பேணுவது, அதற்கான செலவை யார் ஏற்பது, அதுபற்றிய முடிவை யார் எடுப்பது என்னும் மூன்று வினாக்களும் உள்ளாட்சி வரலாற்றின் அடிப்படை வினாக்களாகும். தமிழகத்தில் இவ்வினாக்கள் ஏரியை மையமிட்டே நெடுங்காலம் எழுப்பப்பட்டு வந்துள்ளன. 39,000க்கும் மேற்பட்ட ஏரிகளையும் கண்மாய்களையும் கொண்ட இந்நிலப்பகுதியில், அவற்றைப் பராமரிப்பதில் அரசுக்கும் ஊருக்கும் இருந்த உறவைக் குறிக்கும் சொல்லாகக் ‘குடிமராமத்து’ விளங்குகிறது. இச்சொல் 2017ஆம் ஆண்டில் அரசுத் திட்டம் ஒன்றின் பெயராக மீண்டும் வழக்கிற்கு வந்தது. பழந்தமிழர் ஒத்துழைப்பின் அடையாளமாக இது பொதுவாகப் போற்றப்படுகிறது. எனினும், இச்சொல் சுட்டிய நடைமுறை காலந்தோறும் ஒன்றாகவே இருந்ததா என்பது ஆய்விற்குரியது. அதனைக் கல்வெட்டு, காலனிய ஆட்சி, விடுதலைக்குப் பிந்தைய காலம் என்னும் மூன்று நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

‘குடிமராமத்து’ இருமொழிக் கூட்டால் அமைந்த சொல். ‘குடி’ தமிழ்ச்சொல்; ‘மராமத்து’ அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக ஆட்சித்துறைக்கு வந்து பழுதுபார்த்தலைக் குறித்த சொல். ஆகவே இத்தொடர் சோழர் காலத்தது அன்று என்பது சொல்லமைப்பினாலேயே பெறப்படும். கல்வெட்டுகள் இப்பணியைக் குழி கல்லுதல், கரை அட்டுதல் என்னும் வினைகளாலேயே குறிக்கின்றன. முன்னது தூர் அகற்றி ஆழப்படுத்துவதையும், பின்னது அகற்றிய மண்ணைக் கரையில் இட்டு உயர்த்துவதையும் உணர்த்தும். ஒரே உழைப்பு ஏரியின் கொள்ளளவையும் கரையின் வலிமையையும் ஒருங்கே காத்தமை இவ்விரு வினைகளின் இணைவால் விளங்கும்.

இலக்கியங்களும் நீர்நிலை ஆக்கத்தை அரசியல் கடமையாகவும் அறமாகவும் இருவகையில் காட்டுகின்றன. புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நீர்நிலை பெருக்குமாறு வற்புறுத்துகிறார். அங்கு அது வேந்தன் கடன். காரியாசானின் சிறுபஞ்சமூலமோ குளம் தோண்டுதலைத் தனிமனிதர் ஆற்றும் அறச்செயல்களுள் ஒன்றாக வைக்கிறது. ஏரியை அமைக்கும் பொறுப்பு குறித்து இலக்கியம் பேசுமளவிற்கு, அமைத்த ஏரியை ஆண்டுதோறும் பேணும் பொறுப்பு குறித்துப் பேசவில்லை. அச்செய்தியைக் கல்வெட்டுகளிலேயே காணமுடிகிறது.

கல்வெட்டுக் காலம்: வாரியமும் வருவாயும்

உத்தரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (919, 921) வாரியத் தேர்வு முறையை விரிவாகத் தருகின்றன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியாகத் தெரிவு செய்யப்பட்டவர்களுள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திலும், பன்னிருவர் தோட்ட வாரியத்திலும், அறுவர் ஏரி வாரியத்திலும் பணியாற்றினர். பதவிக்காலம் 360 நாள். அண்மை மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவரும், வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அத்தகையோரின் உறவினரும் தெரிவிலிருந்து விலக்கப்பட்டனர்.

ஏரி வாரியம் வெறும் உழைப்பைத் திரட்டும் அமைப்பாக இருக்கவில்லை. ஏரிப்பட்டி என ஒதுக்கப்பட்ட நிலங்களின் விளைவு, பாசன நிலங்களின்மீது தண்டப்பட்ட ஏரி ஆயம், சபையிடம் வைக்கப்பட்ட பொன்னின் வட்டி ஆகியவை ஏரிப் பணிகளுக்கு உரியனவாக இருந்தமையைப் பல்வேறு கல்வெட்டுகளால் அறியலாம். பொறுப்பு, வருவாய், கணக்கு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் குவிந்திருந்தமையே இம்முறையின் வலிமை எனலாம்.

இதனை முழுமையான மக்களாட்சி எனக் கொள்வது பொருந்தாது. உத்தரமேரூர்ச் சபை பிரமதேய ஊரின் சபை. இறைசெலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவற்றை உடைய ஆடவரே வாரியத்திற்கு உரியராயினர். குழி கல்லி மண் சுமந்தோர் அதில் இடம்பெறவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி, முட்டையாள் முதலான உழைப்புக் கடமைகள் குறிக்கப்படுகின்றன. ‘வெட்டிவேலை’ என்னும் இன்றைய வழக்கு, கூலியற்ற உழைப்பின் நினைவைத் தாங்கி நிற்கிறது. ஆகவே ஊரின் ஒத்துழைப்பு என்பது முடிவெடுப்போரின் ஒத்துழைப்பையும் உழைப்போரின் கடமையையும் ஒருசேரக் கொண்டிருந்தது என்பதே பொருத்தமாகும்.

காலனிய ஆட்சி: கடமை நின்றது, வளம் பிரிந்தது

விளைச்சலில் பங்காக வரி பெறப்பட்ட காலத்தில், ஏரி பாழ்பட்டால் உழவனோடு ஆள்வோரும் இழப்பிற்கு உள்ளாயினர். ரயத்துவாரி முறையில் தீர்வை தனிப்பட்ட உழவர்மீது பணமாக விதிக்கப்பட்டது. ஊர் என்னும் கூட்டமைப்பு வரிக்கணக்கிலிருந்து விலகியது. ஊரின் பொதுப்பணிகளுக்கென விடப்பட்டிருந்த மானியங்களும் படிப்படியாகச் சுருங்கின. நன்செய்த் தீர்வை அரசிற்குச் சென்றது. ஏரியைச் செப்பனிடும் வழக்கமான கடமையோ குடிகளிடமே இருக்கவேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது.

இவ்வெதிர்பார்ப்பு நிறைவேறாத நிலையில் பிறந்ததே 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். வெள்ளக் காலத்தில் கரை உடையாமல் காக்க ஆட்களைத் திரட்டும் அதிகாரத்தை அது வழங்கியது. வழக்கப்படி கூட்டாகச் செய்யவேண்டிய பாசனப் பணிக்கு வரத் தவறியோர், தாம் தரவேண்டிய உழைப்பின் இருமடங்கு மதிப்பைச் செலுத்தவேண்டும் எனவும் விதித்தது. ஊர்வழக்கம் அரசாணையாக மாறிய தருணம் இது. வழக்கத்திற்கு ஊரின் இசைவும் நிதியும் துணையாக இருந்தன. சட்டத்திற்குத் தண்டம் மட்டுமே துணையாயிற்று. சட்டம் இருந்தும் குடிமராமத்து நலிந்து வருவதாகவே 19ஆம் நூற்றாண்டின் ஆட்சிக் குறிப்புகள் தொடர்ந்து பேசின.

1883இல் ஏரிப் புனரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டு, ஏரிகளை அளவிட்டுச் சீர்செய்யும் பணியைப் பொறியாளர்கள் மேற்கொண்டனர். சென்னை மாகாணத்திற்கு முழுமையான பாசனச் சட்டம் இயற்றும் முயற்சிகள் பலமுறை மேற்கொள்ளப்பட்டும் வெற்றிபெறவில்லை. இதனால் குடிகளின் கடமை எது, அரசின் கடமை எது என்னும் எல்லைக்கோடு தெளிவின்றியே நின்றது. சிறுபழுது குடிகளுடையது, பெரும்பழுது அரசினுடையது என்பது பொதுவான கொள்கை. ஆனால் சிறுபழுது கவனிக்கப்படாமல் பெரும்பழுதாகும் வரை காத்திருப்பதே ஊருக்கு ஆதாயம் என்னும் நிலையை அக்கொள்கையே உருவாக்கியது.

டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ என்னும் நூல், சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்து, தன்னிறைவுடைய ஊர்ச்சமூகம் என்னும் கருத்தையே கேள்விக்கு உட்படுத்தியது. கண்மாய்ப் பராமரிப்பு அரசியல் தலைமை, கோயில் மரியாதை, சாதிப் படிநிலை ஆகியவற்றோடு பிணைந்திருந்தது என்பது அவர்தம் முடிபு. நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடையர் எனப் பலவாறு அழைக்கப்பட்ட ஊர்ப்பணியாளர்களின் நிலை இதனை உறுதிசெய்கிறது. மடை திறந்து, முறை வைத்து, ஒவ்வொரு வயலுக்கும் நீர் பகிர்ந்தவர்கள் அவர்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரான அவர்கள், தாம் நீர் பாய்ச்சிய நிலத்தில் உரிமையற்றோராய், அறுவடையில் தரப்பட்ட நெல்லை நம்பி வாழ்ந்தனர்.

விடுதலைக்குப் பின்: பல துறைகள், ஓர் ஏரி

விடுதலைக்குப் பின் 40 எக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் பொதுப்பணித்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் அமைந்தன. நீர் ஒரு துறைக்கும், நீர்ப்பிடிப்பு நிலத்தின் பதிவு வருவாய்த்துறைக்கும், ஏரியுள் வளர்க்கப்பட்ட மரங்கள் வனத்துறைக்கும் என ஒரே ஏரி பலவாகப் பகுக்கப்பட்டது. மீன், மரம், வண்டல் ஆகியவற்றால் ஊர் பெற்றுவந்த பொதுவருவாய் இப்பகுப்பில் சிதறியது. கிணறும் மின்மோட்டாரும் பெருகியபின், வசதியுள்ள உழவர்க்கு ஏரியைச் சார்ந்திருக்கும் தேவையும் குறைந்தது.

1984இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியுடன் தொடங்கிய ஏரி நவீனமயத் திட்டம் உழவர் சங்கங்களை அமைக்க முயன்றது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசமைப்புத் திருத்தம், பதினொன்றாம் அட்டவணையின் 29 பொருள்களுள் சிறுபாசனத்தையும் நீர் மேலாண்மையையும் சேர்த்தது. தமிழகத்தில் 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்புகளை உழவர் மேலாண்மை செய்யும் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழிவகுத்தது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007இல் தனிச்சட்டம் வந்தது. ஊராட்சி ஒருபுறமும் பாசனச் சங்கம் மறுபுறமுமாக, ஒரே நீர்நிலைக்கு இரு மக்கள் அமைப்புகள் உருவாயின. இவற்றிடையே அதிகாரப் பகிர்வு தெளிவாக்கப்படவில்லை.

2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தொடங்கிய குடிமராமத்துத் திட்டம், 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளை மேற்கொண்டது. 2019–20இல் 1,829 பணிகளுக்கு ஏறத்தாழ 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒப்பந்தப்புள்ளியின்றி ஆயக்கட்டுதாரர் சங்கங்களே பணிசெய்யவும், மதிப்பீட்டில் பத்து விழுக்காட்டை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ அளிக்கவும் திட்டம் வகுக்கப்பட்டது. நிதி உழவர் சங்கத்தின் கைக்கு வந்தமை, 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் போக்கிலிருந்து இதனை வேறுபடுத்துகிறது. எனினும் சங்கங்களின் பெயரில் ஒப்பந்தக்காரர்களே பணியாற்றினர் என்னும் புகார்களும் எழுந்தன. தொடர்ந்து இயங்கும் சங்கமும் அதற்கெனத் தனி வருவாயும் இல்லாத ஊரில், பணிக்காக மட்டும் சங்கம் தோன்றுவது வியப்பன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால், ‘குடி’ என்னும் சொல் மூன்று நிலைகளில் மூன்று பொருள் பெற்றமை புலனாகிறது. கல்வெட்டுக் காலத்தில் அது வருவாயும் கணக்கும் உடைய, ஆனால் பலரை வெளியே நிறுத்திய அவையைச் சுட்டியது. காலனியக் காலத்தில் வளமிழந்து கடமை மட்டும் தாங்கிய உழைப்பாளர் தொகுதியைச் சுட்டியது. அண்மைக் காலத்தில் அரசுத் திட்டத்தின் பங்களிப்பாளரைச் சுட்டுகிறது. குடிகள் சோம்பியதால் குடிமராமத்து அழிந்தது என்னும் பழைய ஆட்சியாளர் கூற்று, பொறுப்பையும் வளத்தையும் பிரித்த கொள்கையின் விளைவை மறைக்கிறது. அது பொற்கால நடைமுறை என்னும் கூற்றோ, மண் சுமந்தோரின் வரலாற்றை மறைக்கிறது.

உள்ளூர்ப் பணிகளில் மக்கள் ஒத்துழைப்பை நாடும் எந்தக் கொள்கையும் உழைப்பைக் கேட்பதோடு அமையாமல் வருவாயையும் முடிவெடுக்கும் உரிமையையும் பகிர்ந்தளிக்கவேண்டும் என்பதையே இவ்வரலாறு உணர்த்துகிறது. கணக்குக் காட்டாதவரை விலக்கிய உத்தரமேரூரின் விதி இன்றைக்கும் ஏற்புடையது. நிலமற்றோரை விலக்கிய அதன் விதி ஏற்புடையதன்று. முன்னதைக் கொண்டு பின்னதைக் களைந்து, நிலமற்றோரும் இடம்பெறும் ஊரவைகளை உருவாக்கும்போதே குடிமராமத்து என்னும் சொல் தன் முதற்பாதிக்கு உரிய முழுப்பொருளைப் பெறும்.