பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்: லத்தீன் எழுத்துமுறையில் வடிவத் தேர்வின் வரலாறு

ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு முதலிய மொழிகளை எழுதப் பயன்படும் லத்தீன் எழுத்துமுறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் பெரியது, சிறியது என இரு வடிவங்கள் இருப்பது, அம்மொழிகளைப் பள்ளியில் கற்போருக்கு அவ்வெழுத்துமுறையின் பிறவிக்குணம் போலத் தோன்றும். உண்மையில் இவ்விரு வடிவங்களும் ஒரே காலத்தில் இணையாக வகுக்கப்பட்டவை அல்ல. பெரிய எழுத்துகள் உளியால் கல்லில் செதுக்கப்பட்ட வடிவத்தில் முழுமை பெற்றவை. சிறிய எழுத்துகளோ பல நூற்றாண்டுகள் கழித்து, எழுதுகோலின் ஓட்டத்தில் உருத்திரிந்து நிலைபெற்றவை. இவ்விரண்டில் எதை எங்கே இடுவது என்ற முடிவை இலக்கண ஆசிரியர்களைவிட எழுத்தைத் தொழிலாகக் கையாண்ட படியெடுப்போர், அச்சுக் கோப்போர், பொறியாளர் ஆகியோரே பெரும்பாலும் எடுத்தனர் என்பதும், இலக்கணம் அவர்கள் பின்னால் வந்து அம்முடிவுகளுக்குக் காரணம் கற்பித்தது என்பதும் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் விளங்கும்.

ரோமில் கி.பி. 113இல் நிறுவப்பட்ட டிராஜன் தூணின் அடிப்பகுதிக் கல்வெட்டு பெரிய எழுத்து வடிவத்துக்கு இன்றளவும் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. அக்காலத்து ரோமானியர் கணக்கு, கடிதம் முதலிய அன்றாடத் தேவைகளுக்கு விரைவெழுத்து ஒன்றைக் கையாண்டனர் என்றாலும், கல்வெட்டு வடிவத்தையும் விரைவெழுத்தையும் ஒரே சொல்லுக்குள் கலந்து எழுதும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஓர் ஆவணம் எந்த வடிவில் தொடங்கியதோ அவ்வடிவிலேயே முடிந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் விரைவெழுத்தின் சாயல் ஏட்டெழுத்திலும் ஏறி, அன்சியல் எனப்படும் வளைவான பெரிய வடிவமும், மேலும் கீழும் நீளும் கால்களையுடைய அரை அன்சியல் வடிவமும் தோன்றின.

எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிராங்கிய மன்னன் சார்லமேனின் ஆட்சிக்காலத்தில், வடபிரான்சின் கோர்பி மடம் போன்ற எழுத்துக்கூடங்களில் கரோலிங்கியச் சிற்றெழுத்து என்னும் தெளிவான வடிவம் நிலைபெற்றது. தூர் நகரின் புனித மார்ட்டின் மடத்துக்கு 796இல் தலைவரான ஆல்குயினும் அவர் வழிவந்தோரும் அதனைச் செம்மைப்படுத்தியதோடு நில்லாமல், பழைய வடிவங்களைக் கழித்துவிடாமல் அவற்றுக்கு ஒரு படிநிலையை வகுத்தனர். நூலின் தலைப்பு கல்வெட்டுப் பெரிய எழுத்தில் அமைந்தது. அதிகாரத்தின் தொடக்கம் அன்சியலில் வந்தது. முதல் சில வரிகள் அரை அன்சியலில் ஓடின. எஞ்சிய உடற்பகுதி முழுதும் சிற்றெழுத்தாக நிறைந்தது. எழுத்தின் வயது கூடக்கூட அதன் மதிப்பும் கூடியது என்பதே இவ்வமைப்பின் உட்கருத்து. எழுத்துப் பணியின் வகைக்கேற்ப எழுத்து வடிவத்தைத் தேர்வது என்னும் பழக்கத்தின் ஊற்றுக்கண் இங்கேதான் இருக்கிறது. இன்றைய தலைப்பு, உட்தலைப்பு, உடற்பகுதி என்ற பாகுபாடு இதன் எளிய வடிவமேயன்றி வேறன்று.

இரு வடிவங்களும் ஒரே நெடுங்கணக்காகப் பிணைக்கப்பட்டதில் ஒரு பிழையான ஊகத்துக்கும் பங்குண்டு. 1400ஐ ஒட்டிப் பிளாரன்சில் வாழ்ந்த போஜ்ஜோ பிராச்சோலினி, நிக்கொலோ நிக்கொலி முதலிய மனிதநேயப் புலவர்கள், லத்தீன் செவ்விலக்கியங்களைத் தாங்கியிருந்த கரோலிங்கிய ஏடுகளைக் கண்டெடுத்தபோது, அவற்றின் எழுத்தைப் பண்டைய ரோமானியரின் எழுத்தாகவே கருதிப் பின்பற்றினர். அதற்குத் துணையாக ரோமானியக் கல்வெட்டுப் பெரிய எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டனர். எழுநூறு ஆண்டு இடைவெளியுள்ள இரு வடிவங்கள் இவ்வாறு ஒரே குடும்பமாயின. 1470இல் நிக்கொலாஸ் ஜென்சன் வெனிசில் வார்த்த ரோமன் அச்செழுத்து இக்கலப்பை உலோகத்தில் நிலைநிறுத்தியது. ஆயினும் ஒட்டு முழுமையாகிவிடவில்லை. அல்டஸ் மானுட்டியஸ் 1501இல் வெளியிட்ட வெர்ஜில் பதிப்பில், சாய்வெழுத்து முதன்முறையாக ஒரு நூலின் உடற்பகுதியை முழுதும் நிறைத்தது. ஆனால் அதில் சாய்ந்திருந்தவை சிறிய எழுத்துகள் மட்டுமே. ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் வந்த பெரிய எழுத்து, உயரம் குறைந்ததாய், நிமிர்ந்தே நின்றது. சாய்வெழுத்துக்கெனப் பெரிய எழுத்தும் வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அச்சுக்கூடத்தில் எழுத்துகள் தனித்தனி அறைகள் கொண்ட மரப்பெட்டிகளில் வைக்கப்பட்டன. அச்சுக் கோப்பவர் முன் சரிவாக நிறுத்தப்பட்ட இரண்டு பெட்டிகளில், எப்போதாவது தேவைப்படும் பெரிய எழுத்துகள் மேற்பெட்டியிலும், ஓயாமல் தேவைப்படும் சிறியவை கைக்கு எட்டும் கீழ்ப்பெட்டியிலும் கிடந்தன. ஆங்கிலத்தில் அவ்வெழுத்துகளை அப்பெட்டிகளின் பெயராலேயே அழைக்கும் வழக்கமும் உண்டாயிற்று. ஜோசப் மாக்ஸன் 1683–84இல் வெளியிட்ட அச்சுத்தொழில் நூல், எந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவது என்பதைக் கவனிப்பதை அச்சுக் கோப்பவரின் கடமைகளுள் ஒன்றாகவே கூறுகிறது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆங்கில நூல்களில் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் பெரிய எழுத்தில் தொடங்கின. அதன் பின்னர் அவ்வழக்கம் தேய்ந்தது.

தேய்ந்ததற்கான காரணத்தை நேரில் கண்ட சாட்சியாக, தாமே அச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய பெஞ்சமின் பிராங்க்ளின் இருக்கிறார். 1789 டிசம்பரில் அகராதியாசிரியர் நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், வரிக்கு மேல் துருத்தி நிற்கும் எழுத்துகள் பக்கத்தின் சீரான தோற்றத்தைக் கெடுக்கின்றன என்னும் எண்ணத்தில் அச்சகத்தார் பெயர்ச்சொற்களின் பெரிய எழுத்தை நீக்கிவருவதாக அவர் குறைபட்டார். அதே கடிதத்தில், நீண்ட வடிவ ‘எஸ்’ கைவிடப்படுவதைப் பற்றிப் பேசும்போது, எல்லாருடைய மூக்கையும் சீவிவிட்டால் முகங்கள் மட்டமாகும், ஆனால் ஆளை அடையாளம் காண்பது கடினம் என்ற பொருள்பட எழுதினார். இலக்கணம் எதுவும் மாறாமலே, பக்கத்தின் அழகு பற்றிய கருத்து மாறியதால் மட்டும் ஒரு மரபு மறைந்தது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. தனிமனிதர் வழக்கும் சீராக இல்லை: தாமஸ் ஜெபர்சன் தம் கையெழுத்தில் வாக்கியத்தின் முதல் எழுத்தைக்கூடச் சிறியதாக எழுதும் பழக்கமுடையவர், அவர் வரைந்த 1776ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தோலில் அழகெழுத்தாகப் படியெடுத்ததாகக் கருதப்படும் திமத்தி மாட்லாக்கோ பெயர்ச்சொற்களில் பெரிய எழுத்தைத் தாராளமாகத் தூவியிருக்கிறார்.

ஜெர்மன் மொழியில் கதை வேறு திசையில் சென்றது. அங்குப் பெயர்ச்சொல்லின் பெரிய எழுத்து தேயாமல் விதியாகவே இறுகியது. யாக்கோப் கிரிம் அதனைக் கடுமையாக எதிர்த்து, தம் ஜெர்மன் இலக்கணத்தின் 1822ஆம் ஆண்டுப் பதிப்பிலும், தம்பி வில்ஹெல்முடன் தொகுத்து 1854இல் முதல் தொகுதி வெளிவந்த பேரகராதியிலும் பெயர்ச்சொற்களைச் சிறிய எழுத்தில் அச்சிடச் செய்தார். மொழியியலின் மாபெரும் அறிஞர் ஒருவர் சொல்லியும் மக்கள் வழக்கு அசையவில்லை. 1925 முதல் பௌஹாஸ் கலைப்பள்ளியில் ஹெர்பர்ட் பாயர், பேச்சில் பெரியது சிறியது என்ற வேறுபாடு இல்லாதபோது எழுத்தில் மட்டும் எதற்கு என்று வாதிட்டு, பள்ளியின் கடிதத்தாள்களையே சிறிய எழுத்துக்கு மாற்றினார். அதுவும் கலைக்கூடத்தைத் தாண்டவில்லை. ஜெர்மன் வழக்கைப் பின்பற்றிவந்த டென்மார்க்தான் 1948இல் அரசு ஆணையின் மூலம் பெயர்ச்சொல்லின் பெரிய எழுத்தைக் கைவிட்டது.

தலைப்புகளைப் பொறுத்தவரை இரு மரபுகள் இன்றும் எதிரெதிரே நிற்கின்றன. முக்கியச் சொற்கள் அனைத்தையும் பெரிய எழுத்தில் தொடங்குவது தலைப்பு நடை. முதற்சொல்லையும் இயற்பெயர்களையும் மட்டும் அவ்வாறு தொடங்குவது வாக்கிய நடை. நியூயார்க் டைம்ஸ் முன்னதைப் பின்பற்றுகிறது. பிரெஞ்சு மரபும் நூலகப் பட்டியல் விதிகளும் பின்னதைச் சார்ந்தவை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடு, ஆய்வுரையின் தலைப்புக்குத் தலைப்பு நடையையும் துணைநூற்பட்டியலில் வரும் கட்டுரைத் தலைப்புகளுக்கு வாக்கிய நடையையும் விதிப்பதால், ஒரே கட்டுரையின் பெயர் தன் முதற்பக்கத்தில் ஒரு விதமாகவும், மேற்கோளாளரின் கடைசிப் பக்கத்தில் வேறு விதமாகவும் எழுதப்படுகிறது. எச்சொல் முக்கியமானது என்பதிலும் ஒற்றுமை இல்லை: நான்கெழுத்தும் அதற்கு மேலும் உள்ள சொல் பெரியதாகத் தொடங்கட்டும் என்று சில கையேடுகள் எண்ணிக்கையால் அளக்க, வேறு சில சொல்லின் இலக்கண வகையைப் பார்க்கின்றன.

வடிவத் தேர்வு மதிப்பின் அடையாளமாகவும் ஆனது. அமெரிக்கக் கறுப்பின மக்களைக் குறிக்க அன்று வழங்கிய ‘நீக்ரோ’ என்னும் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் முதலியோர் நெடுநாள் போராடியதன் பின், 1930 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் அதனை ஏற்றது. அதற்கு நேர்மாறாக, பெல் ஹூக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர், எழுதியவரைவிட எழுத்தே கவனிக்கப்பட வேண்டும் என்று தம் புனைபெயரை முழுதும் சிறிய எழுத்தில் வைத்துக்கொண்டார்.

இயந்திரங்கள் சிறிது காலம் இவ்வேறுபாட்டையே அழித்தன. 1874இல் விற்பனைக்கு வந்த ஷோல்ஸ்–கிளிடன் தட்டச்சுப்பொறி பெரிய எழுத்து மட்டுமே அடித்தது. 1878இன் இரண்டாம் ரெமிங்டன் பொறியே மாற்றுவிசையைக் கொண்டு இரு வடிவங்களையும் தந்தது. தொலை அச்சுப்பொறிகளின் பழைய கட்டுப்பாட்டால் முழுப் பெரிய எழுத்தில் வெளிவந்துகொண்டிருந்த அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் அறிவிப்புகள் 2016 மே மாதத்தில்தான் கலப்பு எழுத்துக்கு மாறத் தொடங்கின. கணினிகளின் பொதுக் குறியீடான ஆஸ்கியும் 1963இல் பெரிய எழுத்துகளோடு மட்டும் வெளிவந்து, 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சிறியவற்றைப் பெற்றது. அதில் பெரிய ‘ஏ’ 65, சிறிய ‘ஏ’ 97. எல்லா எழுத்துக்கும் இடைவெளி 32 என்பதால், ஒரே ஒரு இருமக் குறியைத் திருப்பினால் வடிவம் மாறிவிடும்.

இந்த எளிமை ஏமாற்றக்கூடியது. சிறியதைப் பெரியதாக்குவது எளிது. ஆனால் அவ்வாறு செய்தபின் எது இயற்பெயர், எது பொதுச்சொல் என்ற செய்தி மறைந்துவிடுவதால், பழைய நிலைக்குத் திரும்பப் பொருளறிவு தேவைப்படுகிறது. ஜெர்மனில் ‘எஸ்செட்’ என்னும் எழுத்து பெரிய வடிவில் இரட்டை ‘எஸ்’ ஆகும்போது, அளவுகளைக் குறிக்கும் சொல்லும் திரளைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாகிவிடுகின்றன. இதற்கெனத் தனிப் பெரிய ‘எஸ்செட்’ 2008இல் யூனிகோடில் சேர்க்கப்பட்டு, 2017இல் ஜெர்மன் எழுத்துமுறை மன்றத்தால் ஏற்கப்பட்டது. கிரேக்கத்தில் பெரிய ‘சிக்மா’ ஒன்றே. சிறியதோ சொல்லின் இறுதியில் ஒரு வடிவும் பிற இடங்களில் வேறு வடிவும் கொள்ளும். 1928இல் லத்தீன் எழுத்துக்கு மாறிய துருக்கி மொழியில் புள்ளியுள்ள ‘ஐ’, புள்ளியற்ற ‘ஐ’ என இரண்டு தனி எழுத்துகள் இருப்பதால், ஆங்கில விதிப்படி மாற்றும் நிரல் துருக்கியச் சொற்களைச் சிதைக்கும். ஆகவே எழுத்து வடிவத்தை மாற்றுமுன் மொழி எதுவென்று அறிவது கணினிக்கும் கட்டாயமாகிறது.

பெரியது சிறியது என்ற பாகுபாடே இல்லாத தமிழையும் இச்சிக்கல் வேறு வழியில் தொட்டது. தமிழ் எழுத்துருக்கள் பரவலாவதற்கு முன், ரோமன் விசைப்பலகையில் தமிழை எழுதியோர் சிறிய ‘எல்’லை லகரத்துக்கும் பெரிய ‘எல்’லை ளகரத்துக்கும் கொண்டனர், றகர, ணகரங்களுக்கும் இதே உத்தி கையாளப்பட்டது. இம்முறையில் வடிவம் மரியாதையையோ வாக்கியத் தொடக்கத்தையோ காட்டுவதன்று, ஒலியையே காட்டுவது. எனவே முழு உரையையும் சிறிய எழுத்துக்கு மாற்றும் நிரல் ஒன்று பள்ளியைப் பல்லியாக்கிவிடும். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானே பெரியதாக்கும் சொற்செயலி, நாள் என்று தொடங்கும் தொடரின் நகரத்தை ணகரமாக்கிவிடும். பெரியது சிறியது பாராமல் இயங்கும் இணையத்தளப் பெயர்களில் இவ்வேறுபாட்டுக்கு இடமே இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியின் ஒலிபெயர்ப்பு முறை ளகர, ணகரங்களை எழுத்தின் கீழிடும் புள்ளியால் பிரித்துக்காட்டியதால், அம்முறையில் எழுதப்பட்ட ஒரு நூற்பெயரை முழுதும் பெரிய எழுத்துக்கு மாற்றினாலும் பள்ளி பள்ளியாகவே நிற்கிறது.