குணமடைந்த பிறகு: சிறுவயது ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டோரும் செங்கல்பட்டின் வரலாற்றுப் பாடமும்

முன்னுரை

சிறுவயதில் ரத்தப் புற்றுநோய் கண்டு, சிகிச்சையை முடித்து, நோய் திரும்பாமல் வளர்ந்து ஆளான ஒரு தலைமுறை இன்று தமிழ்நாட்டில் வாழ்கிறது. 1980களின் நடுவில் ஆறு வயதில் மருந்தேறியவர் இப்போது நாற்பதுகளில் இருப்பார். அவரைக் காப்பாற்றிய மருந்துகளின் வரலாறு மருத்துவ ஏடுகளில் விரிவாகப் பதிவாகியுள்ளது. அந்த மருந்துகளோடு அவர் அதன்பின் வாழ்ந்த முப்பது, நாற்பது ஆண்டுகளின் வரலாறு அந்த அளவுக்குப் பதிவாகவில்லை. நோய் போய்விட்டால் மருத்துவத்தின் கடமை முடிந்தது என்ற எண்ணமே இந்தக் குறைக்கு வேர். இந்த எண்ணம் எந்தச் சூழலில் பிறந்தது, எப்போது போதாமற் போயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மீண்டோரின் வாழ்க்கைத் தரத்தைக் காப்பது சிகிச்சையின் இறுதிக் கட்டம், அதைச் செய்ய வேண்டிய இடம் அவர்கள் வாழும் மாவட்டம் என்பதே இதன் வாதம். செங்கல்பட்டு மாவட்டத்தை ஆய்வுக் களமாகக் கொள்ளக் காரணம் உண்டு. குணமடைந்தவரை அப்படியே அனுப்பிவிடக் கூடாது என்ற பாடத்தை, வேறொரு நோயின் வழியாக, இந்த மண் ஏற்கெனவே கற்றிருக்கிறது.

உயிர் காக்கும் போராட்டம்

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தே இல்லாதிருந்த நிலை மாறியதில் சென்னைக்கும் பங்குண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் நடத்திய ஆய்வுகளிலிருந்தே ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் மருந்துகள் பிறந்தன. அவற்றுள் ஒன்றான அமினாப்டெரினைப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவர்களில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948-இல் வெளியிட்டார். அதே ஆண்டு சுப்பாராவ் மறைந்தார். அடுத்த பெரிய மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது. நம் ஊர்த் தோட்டங்களிலும் கடலோர மணலிலும் சாதாரணமாகப் பூத்துக் கிடக்கும் அச்செடியிலிருந்து பிரித்த வின்கிறிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்துகளைத் தனித்தனியாகக் கொடுத்தபோது நோய் சில மாதங்களில் திரும்பியது. மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல் பல மருந்துகளைச் சேர்த்தார். மூளையிலும் தண்டுவடத்திலும் ஒளிந்திருக்கும் நோய்ச் செல்களை அழிக்க மண்டைக்குக் கதிர்வீச்சும் முதுகுத் தண்டில் ஊசியும் கொடுத்தார். 1960களின் இறுதியில் அவரிடம் வந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் நீண்டகாலம் பிழைத்தனர்.

தமிழ்நாட்டில் இப்போராட்டத்தின் களம் அடையாறு புற்றுநோய் நிலையம். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அந்நிலையத்தில் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வி. சாந்தாவும் குழந்தைகளுக்கென 1960-இல் தனிப்பிரிவை உருவாக்கினர். ஆனால் மேலைநாட்டு முறைகளை அப்படியே கொண்டுவருவது எளிதாக இல்லை. குழந்தைகள் நோய் முற்றி, ஊட்டம் குன்றி, தொற்றோடு வந்தார்கள். பணமும் தொலைவும் பல குடும்பங்களைப் பாதி வழியில் திருப்பி அனுப்பின. 1984 முதல் அடையாறு நிலையமும் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு எம்சிபி-841 என்ற ஒரே சிகிச்சை நெறியைப் பின்பற்றத் தொடங்கின. முன்பு 20 விழுக்காட்டை ஒட்டியிருந்த பிழைப்பு விகிதம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கண்ட இந்த முயற்சியில் பாதியை நெருங்கியது. இந்திய ரத்தப் புற்றுநோய் மருத்துவத்தின் திருப்புமுனை இது. அந்நெறியிலும் மண்டைக் கதிர்வீச்சு இடம்பெற்றிருந்தது. குழந்தை பிழைக்குமா என்பதே அன்றைய கேள்வி. நாற்பது வயதில் அக்குழந்தை எப்படி இருக்கும் என்று கேட்கும் வசதி அன்றைய மருத்துவர்களுக்கு இல்லை. அவர்களின் அந்தத் தேர்வு சரியானது. அதைக் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று.

மருந்து விட்டுச்சென்றவை

பிழைத்தவர்கள் வளர்ந்தபோதுதான் இரண்டாவது கேள்வி எழுந்தது. டாக்ஸோருபிசின் போன்ற மருந்துகள் இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடும் என்பதைக் குழந்தைப் பருவ ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட 115 பேரை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு 1991-இல் காட்டியது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் இதயச் செயல்பாட்டில் மாறுதல் இருந்தது, பலருக்கு வெளியே எந்த அறிகுறியும் தெரியவில்லை. மக்கள் வழக்கில் ‘கரண்ட் வைத்தல்’ என்று சொல்லும் கதிர்வீச்சு மண்டையில் பட்ட குழந்தைகளிடம் கவனக் குறைவு, சிந்தனை வேகத்தில் தளர்ச்சி, வளர்ச்சிக் குறைவு, உடற்பருமன் ஆகியவை கூடுதலாகக் காணப்பட்டன. பல ஆண்டுகள் கழித்து மூளையுறைக் கட்டி வரும் வாய்ப்பும் கூடியது. ஸ்டீராய்டு இடுப்பு மூட்டின் எலும்பை நலிவிக்கக்கூடும், வின்கிறிஸ்டின் கைகால் விரல்களின் நரம்புகளைத் தாக்கக்கூடும். எல்லாச் சிறுவயதுப் புற்றுநோய்களிலிருந்தும் மீண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட அமெரிக்க ஆய்வு 2006-இல் வெளியானது. நோய் கண்டறிந்து 30 ஆண்டுகளில் 73 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு நாட்பட்ட உடல்நலக் குறைபாடு வந்திருக்கும் என அது கணக்கிட்டது. இந்தியாவில் இன்னொரு கவலையும் சேர்கிறது. இங்கு ரத்த தானத்தில் ஹெபடைடிஸ் சி சோதனை கட்டாயமானது 2001-இல்தான். அதற்கு முன் பலமுறை ரத்தம் ஏற்றப்பட்ட குழந்தைகளுக்குக் கல்லீரல் சோதனை தேவை.

இந்த அறிவு இந்திய மருத்துவர்களை எட்டாமல் இல்லை. சிகிச்சை முடித்தோருக்கான தனிப் புறநோயாளர் பிரிவு டாட்டா நினைவு மருத்துவமனையில் 1991-இலேயே தொடங்கப்பட்டது. பல மையங்கள் இணைந்து மீண்டோரைப் பதிந்து பின்தொடரும் ஆய்வு 2016-இல் தொடங்கியது. ஆனால் இம்முயற்சிகள் பெருநகர மையங்களைச் சுற்றியே அமைந்தன. சிகிச்சைக்காக நகரத்துக்கு வந்த குடும்பம் சிகிச்சை முடிந்ததும் ஊர் திரும்பிவிடும். இருபது வயதைக் கடந்தவருக்குக் குழந்தைகள் பிரிவில் இடமில்லை. ஊரிலுள்ள பொது மருத்துவருக்கு அவரது பழைய மருந்துகள் தெரியாது. நோயாளியே ஆறு வயதில் தனக்கு என்ன ஏற்றினார்கள் என்று அறியமாட்டார். இந்த இடைவெளியில்தான் வாழ்க்கைத் தரம் கைநழுவுகிறது.

வாழ்க்கைத் தரம் என்பது வெறும் உடல்நலக் கணக்கு அல்ல. ஒருவர் தன் பண்பாட்டுச் சூழலில், தன் எதிர்பார்ப்புகளோடு ஒப்பிட்டுத் தன் வாழ்நிலையை எப்படி உணர்கிறார் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த பொருள். அந்த அளவுகோலை உருவாக்கிய களங்களில் சென்னையும் ஒன்று. அதன் 26 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவம் உடல், உள்ளம், சமூக உறவு, சூழல் என நான்கு துறைகளில் வினவுகிறது. இதைச் செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம் கடற்கரையில் வைத்துப் பார்த்தால் பொருள் தெளிவாகும். விரல் நுனியில் நிலைத்துவிட்ட மரத்துப்போதல் அலுவலகப் பணியாளருக்குச் சிறு தொல்லை, உளி பிடிக்கும் சிற்பிக்கு அது தொழில் இழப்பு. நலிந்த இடுப்பு மூட்டோடு படகைத் தள்ளவும் வலை இழுக்கவும் முடியாது. பலவீனமான இதயம் பிரசவ நேரத்தில்தான் முதன்முறையாக வெளிப்படலாம். கற்றலில் ஏற்பட்ட தளர்ச்சி உடலுழைப்பற்ற வேலைக்கான வழியையும் குறுக்கிவிடும். ஒரே பக்கவிளைவு, செய்யும் தொழிலைப் பொறுத்து வெவ்வேறு அளவுக்கு வாழ்க்கையைக் குலைக்கிறது. மேலைநாட்டு விழுக்காடுகளை அப்படியே இங்கு பொருத்த முடியாது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

திருமணி காட்டிய வழி

முன்னுரையில் சொன்ன அந்த வேறொரு நோய் தொழுநோய். செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் இயங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தில் ராபர்ட் காக்ரேன் 1940களின் நடுவில் சல்ஃபோன் மருந்தைப் பயன்படுத்தி நோயைக் கட்டுப்படுத்த முயன்றார். மருந்து கிருமியைத் தடுத்தது. மடங்கிப்போன விரல்களை அது நிமிர்த்தவில்லை. 1947-இல் காக்ரேனின் அழைப்பில் அங்கு வந்த எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட், இத்தனை கைகள் முடங்கிக் கிடக்க இவற்றைச் சீராக்க ஏன் யாரும் முயலவில்லை என்ற கேள்வியோடு வேலூர் திரும்பினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அவர் வளர்த்தெடுத்த தசைநாண் மாற்று அறுவை, குணமடைந்தவரின் கை மீண்டும் வேலை செய்ய வழி திறந்தது. திருமணி இல்லத்தை மத்திய அரசு 1955-இல் ஏற்றது. அது இன்று மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. கிருமியைக் கொல்வதோடு நில்லாமல் கையை மீட்டல், தொழில், சமூக ஏற்பு என மருத்துவத்தின் எல்லை விரிந்தது. இந்த மாற்றம் சட்டத்திலும் பதிந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொழுநோயிலிருந்து குணமடைந்தோரைத் தனிவகையாக ஏற்கிறது. குணமடைந்த பின்னும் ஒருவருக்கு ஆதரவு தேவைப்படலாம் என்ற உண்மையை அரசு ஒப்புக்கொண்ட இடம் அது. அதே சட்டம் ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகிய ரத்த நோய்களையும் பட்டியலிடுகிறது. ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டோர் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.

இரு நோய்களும் ஒன்றல்ல. தொழுநோயின் ஊனம் நோயால் வருவது, கண்ணுக்குத் தெரிவது. இங்கே பேசும் பாதிப்பு பெரும்பாலும் சிகிச்சையால் வருவது, கண்ணுக்குத் தெரியாதது. ஆயினும் இந்த வேறுபாடு வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஊனத்தையே கவனிக்க ஒரு தலைமுறை தேவைப்பட்டது என்றால், தெரியாத பாதிப்புக்கு முறையான தேடல் இன்னும் அதிகமாகத் தேவை. அதை நோயாளியின் நினைவுக்கோ தற்செயலுக்கோ விட முடியாது.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு, பிழைப்பவர் எண்ணிக்கையே குறைவாக இருக்கும்போது மீண்டோரைப் பற்றிப் பேசுவது முன்னுரிமையைக் குழப்புவதாகும் என்பது. இம்மறுப்பில் நியாயம் உண்டு. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி 1990க்கும் 2001க்கும் இடையே நோய் கண்ட குழந்தைகளில் ஐந்தாண்டு பிழைத்தோர் எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துச் சுமார் 40 விழுக்காட்டினரே. ஆனால் நிலைமை நகர்கிறது. 2009-இல் தொடங்கி 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக விரிந்த ஏற்பாடு ஏழைக் குடும்பங்களின் சுமையைக் குறைத்துள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2030க்குள் உலகெங்கும் குறைந்தது 60 விழுக்காடு குழந்தைகளைப் பிழைக்கவைக்க 2018-இல் இலக்கு வைத்தது. அந்த இலக்கு நிறைவேறினால் மீண்டோர் பெருகுவர். அவர்களுக்கான ஏற்பாட்டை அவர்கள் நாற்பதை எட்டிய பிறகு தொடங்குவது காலம் கடந்த செயல்.

இரண்டாவது மறுப்பு, அந்தப் பக்கவிளைவுகள் பழைய சிகிச்சையின் விளைவுகள் என்பது. செயின்ட் ஜூட் மருத்துவமனை மண்டைக் கதிர்வீச்சு இன்றியே நோயைக் குணமாக்கலாம் என்று 2009-இல் காட்டியது. அடையாறு நிலையம் உள்ளிட்ட இந்திய மையங்கள் நோயின் அபாய அளவுக்கேற்பச் சிகிச்சையை வகைப்படுத்திக் கூட்டாய்வு நடத்துகின்றன. இன்றைய குழந்தைக்கு இது நற்செய்தி. ஆனால் இப்போது ஊரில் வாழ்கிற நாற்பது வயதுக்காரர் பெற்றது அன்றைய சிகிச்சை. வருங்காலக் குழந்தை காக்கப்படுவதால் அவருடைய இதயம் சீராகிவிடாது.

மூன்றாவது மறுப்பு கனமானது. மீண்டோரிடம் கேட்டால் பலர் மனநிறைவோடு இருப்பதாகவே சொல்கிறார்கள், பிறகு எதற்குக் கவலை என்பது. மேலைநாட்டு ஆய்வுகளிலும் கதிர்வீச்சு பெறாதவர்களின் வாழ்க்கைத் தர மதிப்பெண் பெரும்பாலும் மற்றவர்களோடு ஒத்திருக்கிறது. இதை மறுக்க வேண்டியதில்லை. மீண்டோர் அனைவரையும் நோயாளிகளாகவே பார்ப்பது அநீதி. ஆனால் மரணத்தைத் தொட்டு மீண்டவர் தன் குறைகளைச் சிறிதாகக் காண்பது இயல்பு. மேலும் அறிகுறியற்ற இதயப் பலவீனத்தை எந்தக் கேள்வித்தாளும் காட்டாது. மனநிறைவைக் கேள்வியால் அளக்கலாம், இதயத்தை எக்கோ பரிசோதனையால்தான் அறியலாம். இரண்டும் வேண்டும்.

நான்காவது மறுப்பு, பதிவேடு வைத்தால் களங்கம் ஒட்டிக்கொள்ளும், திருமணப் பேச்சு தடைபடும் என்பது. குடும்பங்கள் பழைய நோயை மறைக்கும் காரணம் இதுவே. மறைத்தலின் விலையைப் பிரசவ வார்டில் பெண்ணே கொடுக்க நேரிடும். எனவே பதிவு மருத்துவ ரகசியமாக நோயாளியின் கையிலேயே இருக்க வேண்டும். நோய் தீர்ந்து குறிப்பிட்ட காலம் கழிந்தபின் காப்பீடு, கடன் போன்றவற்றில் பழைய நோயைக் காரணம் காட்டக் கூடாது என்ற உரிமையை 2016-இல் பிரான்ஸ் சட்டமாக்கியது. இங்கும் அது சிந்திக்கத்தக்கது. கல்பாக்கம் அணுமின் நிலையம் அமைந்த இம்மாவட்டக் கடற்கரையில் புற்றுநோய் என்றதும் பொதுப்பேச்சு நோய்க்கான காரணத்தைத் தேடிச் செல்கிறது. அந்த விவாதத்தின் முடிவு எதுவாயினும், மீண்டவரின் தேவை மாறுவதில்லை.

முடிவுரை

2019-இல் தனி மாவட்டமான செங்கல்பட்டுக்கு 1965 முதல் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, திருமணியின் அனுபவம் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடுவரை செல்கிறது. புதிதாகக் கட்ட வேண்டியது குறைவு, இணைக்க வேண்டியதே அதிகம். சிகிச்சை முடியும் நாளில் பெற்ற மருந்துகளின் அளவும் கதிர்வீச்சின் அளவும் எழுதிய ஒரு தமிழ்க் குறிப்பேடு ஒவ்வொரு குழந்தைக்கும் தரப்பட வேண்டும். அதைக் கொண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குறித்த இடைவெளியில் இதயம், கல்லீரல், எலும்பு, மனநலம் ஆகியவற்றைச் சோதிக்கும் புறநோயாளர் பிரிவு வேண்டும். கர்ப்பப் பதிவின்போது, சிறுவயதில் கீமோ எடுத்ததுண்டா என்ற ஒரு கேள்வி சேர்க்கப்பட வேண்டும். சிகிச்சையால் நிலையான குறைபாடு அடைந்தோரை மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பயனுக்குள் கொண்டுவருவதை அரசு ஆராய வேண்டும். குழந்தையைப் பிழைக்கவைத்த மருத்துவத்துக்கு அந்தக் குழந்தை வாழப்போகும் வாழ்நாளின் மீதும் பொறுப்புண்டு. அந்தப் பொறுப்பை முதலில் ஏற்கும் மாவட்டமாகச் செங்கல்பட்டு அமைய வேண்டும்.