லாக்ஸ்டன்: வரப்பில்லாத வயல்

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்று ஒரு சிறு கிராமம். 1086இல் வில்லியம் மன்னன் எடுப்பித்த டூம்ஸ்டே நிலக்கணக்கில் அதன் பெயர் இருக்கிறது. டோக்கி என்ற பழைய உடைமைக்காரனின் இடத்தில் ஜெஃப்ரி அல்ஸெலின் என்ற நார்மானியப் பிரபு வந்துவிட்டதை அந்தக் கணக்கு இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுகிறது. நார்மானியக் கோட்டையில் இன்று மிச்சம் புல் மூடிய மண்மேடு. மாதாகோயில் நிற்கிறது. பழமை என்று காட்ட இவை போதும். ஆனால் லாக்ஸ்டனின் சரித்திரம் என்று நான் கருதுவது அங்கு இன்னும் உழப்படுகிற வயலை.

மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்று மூன்று பெருவெளிகள். நடுவில் வேலி கிடையாது, நாம் அறிந்த வரப்பும் கிடையாது. ஒவ்வொரு குடியானவனுக்கும் மூன்றிலும் சிதறலாக நீளநீளமான துண்டுகள். நல்ல மண்ணும் சவலை மண்ணும் எல்லோருக்கும் கலந்து கிடைக்கும். ஒரு வயலில் கோதுமை, மற்றொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு இடம் மாறும். தன் துண்டில் மட்டும் வேறொன்றை விதைக்க ஒருவனால் முடியாது. முன்பெல்லாம் அறுவடைக்குப் பிறகு அடித்தாளில் ஊர் மாடுகள் மேய்ந்தன. இந்த ஏற்பாட்டில் சுதந்திரம் குறைவு, பட்டினி பயமும் கொஞ்சம் குறைவு.

மத்திய இங்கிலாந்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் இப்படித்தான் உழப்பட்டது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பார்லிமெண்ட் ஆயிரக்கணக்கான சட்டங்கள் போட்டுப் பொதுவெளிகளை வேலியிட்டுத் தனியுடைமையாக்கியது. விளைச்சல் கூடியது; பொது மேய்ச்சலை நம்பியிருந்தவன் கூலியானான். ஹெல்ப்ஸ்டன் கிராமத்துக்கான சட்டம் 1809இல் வந்தபோது கவிஞர் ஜான் கிளேருக்கு வயது பதினாறு. வேலி விழுந்த அந்த நிலத்தை அவர் வாழ்நாள் முழுவதும் எழுதினார். 1864இல் மனநோய் விடுதியில் இறந்தார். ஹெல்ப்ஸ்டன் கவிதையில் மிஞ்சியது. லாக்ஸ்டன் மண்ணிலேயே மிஞ்சியது.

1635இல் லண்டன் வியாபாரி சர் வில்லியம் கோர்ட்டனுக்காக மார்க் பியர்ஸ் வரைந்த லாக்ஸ்டன் வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு துண்டும் தனியே தெரிகிறது. சின்னச்சின்ன மனிதர்கள் உழுகிறார்கள். அத்தனை துண்டுகளும் இன்று இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல துண்டுகள் ஒன்றாக்கப்பட்டன. தரிசு ஆண்டில் இப்போது தீவனம் வளர்கிறது. சுழற்சி மட்டும் நிற்கவில்லை.

அதை நிற்கவிடாமல் வைத்திருப்பது ஒரு நீதிமன்றம். குளிர்காலத் தொடக்கத்தில் ஊர்க் குடியானவர்களே ஜூரிகளாகி, கோதுமை விதைத்த வயலைச் சுற்றி நடக்கிறார்கள். பாதையையோ பொதுப் புல்தரையையோ எவனுடைய கலப்பையாவது தின்றிருக்கிறதா என்று பார்த்து எல்லைக்கு முளையடிக்கிறார்கள். அடுத்த வாரம் 'கோர்ட் லீட்' கூடி அபராதம் விதிக்கிறது. 1977ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தைப் பொதுவாக ரத்து செய்தபோது லாக்ஸ்டனுக்கு விலக்கு அளித்தது.

இதைக் கிராம சமத்துவம் என்று கொண்டாட எனக்கு மனமில்லை. வயலுக்கு மேலே எப்போதும் ஒரு சொந்தக்காரன் இருந்திருக்கிறான். மான்வெர்ஸ் பிரபு 1952இல் விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது கிரௌன் எஸ்டேட்டுக்குப் போயிற்று. 2020இல் மான்வெர்ஸ் வழியினரின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பியது. உழுகிறவர்கள் குத்தகைக்காரர்கள். விற்பவரும் வாங்குபவரும் சம்மதித்ததால்தான் வழக்கம் பிழைத்தது.

ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. மண்மேட்டைக் காப்பாற்ற ஒரு பலகையும் ஒரு காவலாளும் போதும். வழக்கத்தைக் காப்பாற்ற, ஆண்டுதோறும் யாராவது குளிரில் நடந்து, பக்கத்து வீட்டுக்காரனின் உழவுசாலைப் பார்த்து, தப்பென்றால் தப்பு என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். மரபு மரபு என்கிற நம்மவர்கள் தட்டிக்கழிப்பது இந்த வேலையைத்தான்.