தமிழ்நாட்டில் நூலகர் பயிற்சியின் வரலாறு

தமிழ்நாட்டில் நூலகர்களுக்கான முறையான பயிற்சி 1929ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கியது. அதற்கு முன்பு நூலகர் என்றால் புத்தக அலமாரியின் சாவியை வைத்திருப்பவர் என்பதே பொதுவான எண்ணம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1923இல் நூலகர் பதவிக்கு ஆள் தேடியபோது ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தனர். அவர்களுள் இத்துறையில் பயிற்சி பெற்றவர் ஒருவர்கூட இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட சீர்காழி இரா. அரங்கநாதனும் மாநிலக் கல்லூரியின் கணித ஆசிரியரே. எல்.டி. பட்டம் (இன்றைய பி.எட். படிப்பின் முன்னோடி) பெற்றிருந்த அவர், நேர்காணலுக்குச் சில நாள் முன்பு ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையைப் படித்துத்தான் நூலகத் துறையைப் பற்றி அறிந்துகொண்டார். 1924 சனவரியில் பணியேற்ற சில நாள்களிலேயே, வேலையற்ற தனிமை தாங்காமல் கல்லூரிக்கே திரும்பிவிட விரும்பினார். இலண்டன் சென்று படித்து வந்த பிறகும் அதே எண்ணம் இருந்தால் திரும்பலாம் என்று கூறி அவரை அனுப்பிவைத்தனர்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகர் பள்ளியில் அவர் பயின்றார். குராய்டன் நகர நூலகராக இருந்த பெர்விக் சேயர்சு அவருடைய வழிகாட்டி. சிறுவரும் தொழிலாளரும் அங்குள்ள நூலகங்களுக்கு உரிமையோடு வந்துபோவதை நேரில் கண்டார். 1925இல் சென்னைக்குத் திரும்பியவர், அதன் பிறகு கல்லூரிப் பணியை நினைக்கவில்லை.

இந்தியாவில் இதற்கு முன்பே முயற்சிகள் நடந்திருந்தன. பரோடா அரசர் அழைத்துவந்த அமெரிக்கர் போர்டன் 1911இலும், இலாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் டிக்கின்சன் 1915இலும் வகுப்புகள் நடத்தினர். சென்னையின் சிறப்பு, நம் ஊர் நூலகத்தின் சிக்கல்களைக் கொண்டே பாடத்தை அமைத்ததாகும். 1928இல் உருவான சென்னை நூலகச் சங்கம் அடுத்த ஆண்டில் தொடங்கிய வகுப்பைப் பல்கலைக்கழகம் 1931இல் ஏற்றுக்கொண்டது. 1937இல் அது பட்டதாரிகளுக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பாயிற்று. நூலக அறிவியலின் ஐந்து விதிகள் (1931), கோலன் பகுப்பு முறை (1933), பகுப்புப் பட்டியல் விதித்தொகுப்பு (1934) ஆகிய நூல்கள் இதே ஆண்டுகளில் வெளிவந்தன.

பெயர்ப் பதிவு இதற்கு நல்ல சான்று. மேலைநாட்டு வழக்கப்படி பெயரின் கடைசிச் சொல்லே குடும்பப்பெயர். அதை அப்படியே பின்பற்றினால் உ. வே. சாமிநாத ஐயரை 'ஐயர்' என்ற சொல்லின் கீழ்த்தான் தேடவேண்டும். அங்கே நூற்றுக்கணக்கான ஐயர்கள் வரிசையில் நிற்பார்கள். பிள்ளை, முதலியார் நிலையும் இதுவே. தமிழரின் தலைப்பெழுத்தோ ஊரையோ தந்தையையோ குறிப்பது. பட்டப்பெயரை மட்டும் தலைச்சொல்லாக்காமல் ஆளின் சொந்தப் பெயரையும் அதனுடன் சேர்த்துப் பதிய அரங்கநாதன் விதி செய்தார். இத்தகைய நுட்பம் கைவராதவரிடம் நூல் இருந்தும் வாசகருக்குக் கிடைக்காது.

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் நூலகங்களுக்கெனத் தனி வரி விதித்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம் இதுவே. நூலகங்கள் பெருகப் பெருகப் பயிற்சியும் பல படிகளாக விரிந்தது. இன்று ஊர்ப்புற நூலகருக்கும் மூன்றாம் நிலை நூலகருக்கும் பள்ளிக் கல்வியுடன் நூலக அறிவியல் சான்றிதழ் வேண்டும். அதற்கு மேல் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் உள்ளன. கல்லூரி நூலகர் பணிக்கு முதுநிலைப் பட்டத்துடன் நெட், செட் போன்ற தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ கேட்கப்படுகிறது. அரசுப் பணியிடங்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஒருங்கிணைந்த தேர்வை நடத்துகிறது.

கொடைக்கானலை அடுத்த பள்ளங்கி போன்ற மலைக் கிராமத்தவருக்குத் தொலைநிலைக் கல்வியே எளிய வழி. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இளநிலை, முதுநிலைப் படிப்புகளை அவ்வாறு வழங்குகிறது. ஆயினும் பகுப்பெண் இடுவதும் பட்டியல் எழுதுவதும் நூல்களைக் கையிலெடுத்துச் செய்தால்தான் படியும். மாவட்ட மைய நூலகமோ மலையிறங்கி ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில், திண்டுக்கல்லில் இருக்கிறது.