‘மா’ என்னும் ஓரெழுத்து: ஒரு சீனக் குடிப்பெயரின் வரலாறும் நமக்குரிய பாடமும்

அரியலூர் மாவட்டத்தில் இன்று அமைதியான ஊராக விளங்கும் கங்கைகொண்ட சோழபுரம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்த நாடுகளோடு உறவாடிய பேரரசொன்றின் தலைநகராகத் திகழ்ந்தது. அதனை ஆண்ட முதலாம் இராசேந்திர சோழரின் தூதுக்குழு கி.பி. 1033ஆம் ஆண்டில் சீனத்துச் சோங் பேரரசரின் அவையை அடைந்தது. முத்துக்கள் பதித்த மேலாடையும் தொப்பியும், நூற்றைந்து ‘லியாங்’ எடையுள்ள முத்துக்களும், நூறு யானைத் தந்தங்களும் காணிக்கையாக வைக்கப்பட்டதைச் சோங் அரசமரபின் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அக்குழுவின் தலைவருடைய பெயரையும் அது விட்டுவிடவில்லை. சீன ஒலிப்பில் அப்பெயர் ‘பூ யாதுவோலி’.

சோழ நாட்டுத் தூதருக்குப் ‘பூ’ என்னும் சீனக் குடிப்பெயர் எவ்வாறு வந்தது? அக்காலச் சீன ஏடுகளில் அரபு, பாரசீக வணிகர் பலர் இதே ‘பூ’ என்னும் எழுத்துடன் குறிக்கப்படுகின்றனர். அரபுப் பெயர்களின் முன்னே வரும் ‘அபூ’ என்னும் சொல்லே சீன நாவில் ‘பூ’ ஆயிற்று என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1015ஆம் ஆண்டு வந்த இராசராச சோழரின் தூதுக்குழுவிலும் துணைத் தூதர் பெயர் ‘பூ’ என்றே தொடங்குகிறது. இக்கருத்து சரியாயின், சோழப் பேரரசர்களின் நம்பிக்கைக்குரிய தூதர்களாக முஸ்லிம் வணிகர்கள் சீனக் கடலைக் கடந்திருக்கின்றனர் என்று கொள்ள இடமுண்டு.

ஒரு பெயரின் ஓரெழுத்து இத்தனை வரலாற்றைத் தாங்கி நிற்குமாயின், சீன முஸ்லிம்களிடையே மிகப் பரவலான ‘மா’ என்னும் குடிப்பெயர் நம் ஆய்வுக்கு உரியதே. ‘ஹுய்’ எனப்படும் சீன முஸ்லிம்களிடையே அப்பெயர் பெருமளவில் பெருகியுள்ளது. முஹம்மது என்னும் திருப்பெயரின் ஒலியைச் சீன எழுத்தில் வடிக்க முயன்றதன் விளைவு இது என்பர். 1368இல் ஆட்சிக்கு வந்த மிங் அரசர்கள் அயல்நாட்டு உடைகளையும் பெயர்களையும் விலக்கியபோது, முஸ்லிம்கள் சீனப் பெயர்களை ஏற்க நேர்ந்தது. தம் நபியின் பெயரை முழுமையாகச் சூட இயலாதவர்கள் அதன் ஓரொலியையேனும் குடிப்பெயராகப் போற்றிக்கொண்டனர்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, ‘மா’ என்பதன் சீனப் பொருள் குதிரை. தமிழிலும் ‘மா’ என்னும் சொல் குதிரையைக் குறிப்பதுண்டு; நம்மிடையே வாழும் இராவுத்தர்களின் பெயரும் குதிரை வீரர் என்னும் பொருளுடையது. இவ்வொற்றுமை கேட்க இனிமையானது, ஆயினும் தற்செயலானது. இதன்மேல் உறவுக் கோட்டை கட்டுவது வரலாறு ஆகாது. இரண்டாவது, ‘மா’ எனப் பெயர் கொண்டோர் அனைவரும் முஸ்லிம்கள் அல்லர். இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அப்பெயர் சீனரிடையே வழங்கியது. கன்பூசிய நூல்களுக்கு உரை கண்ட மா ரோங் (79-166), மூன்றாம் நூற்றாண்டில் எப்பக்கம் திரும்பினும் தெற்கையே காட்டும் வண்டியைச் செய்தவராகப் போற்றப்படும் பொறியாளர் மா ஜுன் ஆகியோர் அம்மரபினர்.

அவ்வாறு முஸ்லிம் அல்லாத ஒரு ‘மா’வுக்கு நம் பகுதி கடமைப்பட்டுள்ளது. மா துவான்லின் என்பவர் சோங் அரசு வீழ்ந்தபின் பதவியை நாடாது, இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 348 பகுதிகள் கொண்ட பெரும் கலைக்களஞ்சியம் ஒன்றை இயற்றினார். அதில் அயல்நாடுகளைப் பற்றிய பகுதியில் சோழ நாட்டையும் அதன் தூதுக்குழுக்களையும் பதிவு செய்துள்ளார். தமிழ்நாட்டைக் கண்ணாலும் காணாத ஒருவர், பழைய ஆவணங்களைத் திரட்டி வைத்ததால் நம் வரலாற்றின் ஒரு பக்கம் காப்பாற்றப்பட்டது.

முஸ்லிம் ‘மா’க்களில் உலகறிந்தவர் மா ஹெ. 1371இல் யுன்னான் மாநிலத்தின் குன்யாங்கில் பிறந்த இவர், சிறுவயதில் மிங் படையினரால் சிறைபிடிக்கப்பட்டு அரண்மனைப் பணியில் சேர்க்கப்பட்டவர். பின்னாளில் பேரரசர் யோங்லெ இவருக்குச் ‘செங்’ என்னும் பெயரை வழங்கினார். செங் ஹெ என்னும் கடற்படைத் தலைவராக 1405 முதல் 1433 வரை ஏழு பெரும் பயணங்களை அவர் நடத்தினார். பெயர் மாறிய பின்னரும் அவருடைய பிறப்பு மறையாமல் இருப்பதற்குக் காரணம் ஒரு கல். தம் தந்தையின் கல்லறையில் 1405இல் அவர் எழுதச்செய்த கல்வெட்டு, தந்தையின் குடிப்பெயர் மா என்றும், அவர் ‘ஹாஜி’ என அழைக்கப்பட்டார் என்றும் கூறுகிறது.

இதே செங் ஹெயின் மற்றொரு கல் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1911இல் இலங்கையின் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு, இப்பொழுது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ள அக்கல்வெட்டு 1409ஆம் ஆண்டுத் தேதியுடையது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்த அதில், சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்திற்கும் உரிய காணிக்கைகளைப் பேசுகின்றன. இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் தமிழ் பெற்றிருந்த மதிப்புக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

செங் ஹெயின் கப்பல்களில் மொழிபெயர்ப்பாளராக வந்தவர் மா ஹுவான். செஜியாங் மாநிலத்து முஸ்லிமான இவர் 1413, 1421, 1431 ஆகிய ஆண்டுகளில் புறப்பட்ட பயணங்களில் பங்குகொண்டு, கண்டவற்றை நூலாக்கினார். கொச்சியின் மக்களைப் பிரித்துக் கூறும்போது அரசகுலத்தார், முஸ்லிம்கள், செட்டிகள், தரகர்கள், முக்குவர் என அவர் வரிசைப்படுத்துகிறார். செட்டிகள் முத்துக்களையும் மணிகளையும் வாங்கிச் சேர்த்துவைத்துச் சீனக் கப்பல்களுக்காகக் காத்திருந்ததை எழுதுகிறார். கோழிக்கோட்டில் இருபது முப்பது பள்ளிவாசல்கள் இருந்ததைக் குறிக்கிறார். மக்கா நகரைப் பற்றியும் எழுதியுள்ளார். அவருக்குப் பட்டமோ உயர்பதவியோ இல்லை. பிற மொழி கற்ற ஒரு சாதாரண மனிதரின் கவனமான பார்வையே அவரை வரலாற்று ஆசிரியராக்கியது.

மார்க்க அறிஞர்களின் வரிசை தனித்து நோக்கத்தக்கது. பதினேழாம் நூற்றாண்டில் யுன்னானில் பிறந்த மா ஜூ, கன்பூசியக் கல்வியில் தேர்ந்த சீனர்க்கு அவர்களின் மொழியிலேயே இஸ்லாத்தை விளக்கும் பெருநூலை எழுதினார். அதே மாநிலத்து மா தெசின் (1794-1874) 1841இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். பர்மா வழியாக இறங்கி, ரங்கூனிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து, அங்கிருந்து அரபு நாட்டுக்குக் கப்பலேறினார். கெய்ரோ, இஸ்தான்பூல் முதலிய நகரங்களில் கற்று, சிங்கப்பூரில் தங்கி வானியல் ஆராய்ந்து, எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பினார். குர்ஆனைச் சீனத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கிய முன்னோடியாக அவர் மதிக்கப்படுகிறார். யுன்னான் முஸ்லிம்களின் கிளர்ச்சிக் காலத்தில் சமாதானத்திற்காக முயன்ற அப்பெரியாரை 1874இல் அரசு கொன்றது.

அவருடைய மாணவர் மா லியான்யுவான் அரபு மொழியில் நூல் பல எழுதியவர். தம் இறுதிக் காலத்தில் இந்தியாவின் கான்பூருக்கு வந்து, அங்கேயே காலமானார். சீன முஸ்லிம் அறிஞரின் சிந்தனைக்கு அவர் எழுதிய அரபு விரிவுரை கான்பூரில்தான் அச்சேறியது. அடுத்த தலைமுறையில் முஹம்மது மா ஜியான் (1906-1978) கெய்ரோ அல்அஸ்ஹரில் பயின்றார். அங்கிருந்தபோதே கன்பூசியசின் உரையாடல்களை அரபியில் பெயர்த்து 1935இல் வெளியிட்டார். தாயகம் திரும்பி, 1946 முதல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் அரபு மொழிப் பேராசிரியராக விளங்கினார். அவருடைய முழுமையான குர்ஆன் மொழிபெயர்ப்பு அவர் மறைந்தபின் 1981இல் வெளிவந்தது. மதீனாவின் மன்னர் ஃபஹத் அச்சகமும் அதனை ஏற்று அச்சிட்டது. இரு நாகரிகங்களுக்கிடையே இரு திசைகளிலும் பாலம் அமைத்தவர் அவர்.

பிற துறைகளிலும் இப்பெயர் ஒளிர்கிறது. சீன மொழிக்குச் சீனரே எழுதிய முதல் முறையான இலக்கண நூலை 1898இல் தந்த மா ஜியான்சோங் கத்தோலிக்கக் குடும்பத்தவர். பீக்கிங் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த பொருளியல் அறிஞர் மா யின்சூ, மக்கள்தொகைப் பெருக்கம் குறித்து 1957இல் எச்சரித்தார். அதற்காகக் கடுமையாகத் தாக்கப்பட்டு 1960இல் பதவியிழந்தார். 1979இல்தான் அவருடைய மதிப்பு மீட்கப்பட்டது. இவ்விருவரும் முஸ்லிம்கள் அல்லர். இன்னொருவர் பிறப்பால் சீனரும் அல்லர். லெபனான் வழிவந்த அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஹாத்தம், வடமேற்குச் சீனத்தில் பணியாற்றியபோது மா ஹைதெ எனப் பெயர் சூடினார். ஹுய் மக்களிடையே பரவலான பெயரையே அவர் தேர்ந்தது கருதத்தக்கது. தொழுநோய் ஒழிப்பில் அவர் ஆற்றிய பணிக்கு 1986இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

இவ்வரிசையைப் படித்துவிட்டு, ஒரு பெயருக்கு ஏதோ தனிச் சிறப்புண்டு என்று நாம் முடிவு செய்வோமாயின் பெரும் பிழை இழைத்தவராவோம். வடமேற்குச் சீனத்தைப் படைபலத்தால் ஆண்டு, மக்களை வருத்திய தளபதிகள் சிலரும் ‘மா’ என்றே பெயர் கொண்டிருந்தனர். மனிதர் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், இறையச்சமே உயர்வுக்கு அளவுகோல் என்றும் திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் உணர்த்துகிறது. பெயர் என்பது அறிமுகத்திற்கான வாயில். பெருமைக்கான அரியணை அன்று.

ஆனால் அறிமுகத்திற்கும் சான்று வேண்டும். இங்குதான் நம் நிலை கவலைக்குரியது. தமிழர்க்குக் குடிப்பெயர் வழக்கம் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே நம் பெயருக்கு முன் நிற்கிறது. முஹம்மது என்னும் தந்தையின் பெயர் ‘மு.’ என்றோ ‘எம்.’ என்றோ சுருங்குகிறது. சீன முஸ்லிம் ‘மா’ என்று ஓரொலியில் காத்ததையே தமிழ் முஸ்லிமும் ஓரெழுத்தில் சுமக்கிறார். ஆயினும் வேறுபாடு உண்டு. அவர்களின் எழுத்து பல நூற்றாண்டுகள் தொடர்ந்து வருகிறது. நம் எழுத்து ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிவிடுகிறது. பாட்டனாரின் பெயரோடு நம் நினைவு பெரும்பாலும் நின்றுபோகிறது.

பெரம்பலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றங்கரையில் லப்பைக்குடிக்காடு என்னும் ஊர் இருக்கிறது. ஊரின் பெயரே ஒரு சமுதாயத்தின் குடியேற்றத்தை அறிவிக்கிறது. அங்கும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பிற முஸ்லிம் ஊர்களிலும் குர்ஆன் ஓதிக்கொடுத்த லெப்பைமார்கள், அரபுத்தமிழில் ஏடெழுதியவர்கள், வணிகத்திற்காகக் கடல் கடந்தவர்கள், ஆசிரியர்கள், மருத்துவர்கள் எத்தனை பேர் வாழ்ந்து மறைந்தனர் என்பதை யார் எழுதி வைத்தார்கள்? செங் ஹெயின் தந்தையை ஒரு கல்லும், சோழத் தூதரை ஒரு வரியும் காப்பாற்றின. நம் ஜமாஅத்துகளின் நிக்காஹ் பதிவேடுகளும், கரையான் அரிக்கும் பழைய கிதாபுகளின் ஓரக் குறிப்புகளும், முதியோரின் நினைவுகளும் அத்தகைய சான்றுகளே. பள்ளிவாசல் புதுப்பிக்கப்படும்போது பழைய ஏடுகள் குப்பையோடு போவதை நாம் கண்டும் காணாமல் இருக்கிறோம்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பதிவேடுகளைப் படியெடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் ஐந்து தலைமுறைப் பெயர்களையேனும், பெண்மக்களின் பெயர்களையும் சேர்த்து, எழுதி வைக்க வேண்டும். சீனப் பெண் மணமான பின்னும் தன் பிறந்த குடிப்பெயரை இழப்பதில்லை. நம் மார்க்க மரபும் மணமான பெண்ணைத் தந்தையின் பெயராலேயே அறிகிறது. அவ்வாறிருக்க, நம் வம்சாவளிகளில் பெண்களின் பெயர் விடுபடுவதற்கு நியாயம் ஏதும் இல்லை.

சீனம் சென்றேனும் கல்வி தேடுக என்னும் புகழ்பெற்ற வாசகத்தின் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறுவர். எனினும், சீனத்திலிருந்து ஒரு மா தெசின் கல்கத்தா வழியே கெய்ரோ வரை கல்வி தேடிச் சென்றது உறுதியான வரலாறு. அவரை நாம் அறிவது, அவர் எழுதினார் என்பதாலும், அவருடைய மாணவர்கள் அதைப் பாதுகாத்தனர் என்பதாலுமே. நம் முன்னோரை நம் பேரர்கள் அறிய வேண்டுமாயின், அவ்விரு கடமைகளும் இப்பொழுது நம்முடையவை. அதற்கான நல்லுதவியை வல்ல இறைவன் அருள்வானாக.