பிடியரிசியும் ஒரே பந்தியும்

பாடசாலை வரலாறு எழுதும்போது கட்டடங்களும் அதிபர்களும் பெறுபேறுகளும் முன்னே வந்து நிற்கின்றன. பிள்ளைகள் என்ன சாப்பிட்டுவிட்டு வந்தார்கள் என்பது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. யாழ்ப்பாணத்திலோ கல்வியின் கதையும் சோற்றின் கதையும் பிரிக்க முடியாதவை.

எமது பாட்டிமார் உலைக்கு அளந்தெடுத்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனி முட்டியில் போட்டு வைப்பார்கள். அது கோயிலுக்கோ பாடசாலைக்கோ போகும். 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்கும் பிடியரிசி கைகொடுத்தது. 1870களின் பிற்பகுதியில் பஞ்சம் வந்தபோது அவர் கஞ்சித்தொட்டித் தருமமும் நடத்தினார். பிடியரிசியில் வசதியான வீட்டுக்கும் கூலி வேலை செய்யும் வீட்டுக்கும் ஒரே அளவுதான். கடகத்தில் கலந்த பின் எது எவருடையது என்று யாருக்கும் தெரியாது. அதனால் வாங்குபவர் எவருக்கும் கடன்பட்டவராகத் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது. அன்னமிட்ட இதே சமூகம் பந்தியைப் பிரித்தும் வைத்தது. சாதியின் பெயரால் சில பிள்ளைகள் வாங்கில் இடமின்றி நிலத்தில் இருத்தப்பட்டார்கள். 1920களின் இறுதியில் அரச நன்கொடை பெறும் பாடசாலைகளில் சமாசனம் கட்டாயமாக்கப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் சமாசனத்துக்கும் சமபோசனத்துக்கும் துணிந்து குரல் கொடுத்தது. எமது சங்கம் பிறந்ததும் அந்தக் காலத்திலேயே. ஒரே வாங்கும் ஒரே பந்தியும் தாமாகக் கிடைத்துவிடவில்லை என்பதை இளைய மாணவிகள் அறிய வேண்டும்.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவச மதிய உணவு கிடைத்தது. 1953 இல் அரசாங்கம் அதை நிறுத்தியது. பங்கீட்டு அரிசியின் விலையும் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பின்னர் பதவி விலகினார். பிள்ளையின் ஒரு நேரச் சாப்பாடு சலுகையன்று, உரிமை என்று மக்கள் கருதினார்கள்.

2022 இல் பசி மீண்டும் வகுப்பறைக்கு வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். வெறுவயிற்றுடன் வந்த பிள்ளைகள் காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்தார்கள். கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ, சிட்னி எங்கும் வாழும் பழைய மாணவிகள் மனமுவந்து உதவினோம். உதவி வழங்கும் படங்கள் முகநூலில் நிறைந்ததும் அப்போதுதான். பொதியைக் கையில் ஏந்தி நின்ற பிள்ளையின் முகத்தை அவளுடைய வகுப்பே பார்த்தது.

நூற்றாண்டில் நாம் எடுக்கும் பணி எதுவானாலும் மூன்று விடயங்களில் உறுதியாக இருப்போம். உணவு கொடுப்பதானால் வகுப்பு முழுவதற்கும் கொடுப்போம். கொடுத்தவர் பெயரைப் பொதியில் அச்சிட வேண்டாம். பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம். இன்று அந்தப் பந்தியில் இருப்பவள் நாளை எமது சங்கத்தின் தலைவியாக வரக்கூடும். அப்போது அவள் எவர் முன்னும் கூச்சமின்றி நிற்க வேண்டும்.